மூன்று துண்டில் என் மாமனார்

கேமரா வைத்திருக்கிறவனுக்கு மனுசர்களைப் படம் எடுக்கப் பிடிக்காது என்று சொன்னால் நம் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. அப்புறம் எதுக்கு வாங்கின என்று கேட்பார்கள். எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. மனுசன் நெளிவான். முறைப்பான். பட்டனை அமுக்குகிற நொடியில் மூக்கைத் துடைப்பான். படம் கைக்கு வந்ததும், "நான் இவ்வளவு கறுப்பாவா இருக்கேன்" என்று என்னிடம் சண்டைக்கு வருவான். (இதைவிடக் கறுப்பு என்று நான் சொல்வேன். அதோடு அந்தச் சிநேகம் முடிந்துவிடும்.) மலையிடம் இந்தத் தொல்லை இல்லை. போன வருசம் எப்படி நின்றதோ அப்படியே நிற்கும்.

இந்தக் கொள்கையை விட்டுவிட்டு ஒரே ஒரு தடவை மனுசர்களைப் படம் எடுத்தேன். அதுவும் சாவு வீட்டில். அதுவும் என் மாமனாரை. எண்பதுகளில் நடந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கப்புறம் எத்தனையோ கூத்து நடந்திருக்கிறது, அதையெல்லாம் மறந்துவிட்டார்கள். இதை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறார்கள்.

அப்போது பென்னாகரத்தில் மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருந்தேன். கருகிப்போன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. பயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது மோட்டார் கருகினவன் எந்த மனநிலையில் கடைக்கு வருவான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வருகிறவன் எல்லாம் கத்துவான், நானும் கத்துவேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். தப்பு. அது போனால்தானே வருவதற்கு.

துபாயில் இருந்த பெரியம்மா மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த ஜப்பான் கேமரா என் கைக்கு வந்தது. அதோடு சேர்ந்து புத்தியும் கெட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மலை, பாறை, ஆறு என்று கிளம்பிவிடுவேன். காயில் கம்பி வாங்க தர்மபுரிக்குப் போகிறபோதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த கபூர் பாயிடம் போய் உட்கார்ந்துகொள்வேன். பாய் ஒரு கையில் பாஸ்போர்ட் சைஸ் படம் வெட்டிக்கொண்டே பதில் சொல்லுவார்.

"பாய், அகல லென்ஸ் ஒண்ணு வாங்குனா மலை முழுசா வருமா?"

"வரும். எறும்பு சைஸுல வரும்."

"மஞ்சள் ஃபில்டர் போட்டா மேகம் எடுப்பா தெரியுமாமே?"

"தெரியும். உங்க ஊர்ல மொதல்ல மேகம் வரட்டும்."

"சரி, ஸ்டாண்டாவது வாங்கலாமா?"

"எதுக்குங்க. மலை ஓடிரப் போகுதா?"

அந்த ஆளுக்கு மலை மேல் எந்த மரியாதையும் கிடையாது. வெளிச்சம் என்றால் அவருக்கு ரெண்டு பல்பு, காட்சி என்றால் பின்னால் தொங்குகிற திரையில் வரைந்த தாஜ்மகால். ஆனாலும் வேறு யாரிடம் கேட்பது. என் ஒரே கவலை, ஒகேனக்கல் முழுவதும் ஒரே படத்தில் அடங்க மாட்டேன் என்றது. அருவியை எடுத்தால் பாறை விடுபடுகிறது, பாறையை எடுத்தால் அந்தப் பக்கத்து மலை விடுபடுகிறது. என்னிடம் இருந்தது ஒரே லென்ஸ். இதைச் சொல்லிச் சொல்லி நான் அறுத்த அறுப்பில், ஒருநாள் பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. நின்ன எடத்துலயே நின்னு, கேமராவக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் திருப்பி எடுங்க. எல்லாத்தையும் பிரிண்டு போட்டு வரிசையா ஒட்டிருவோம். ஒட்டு தெரியாம இருக்கணும்னா தாராளமா ஏத்தி எடுக்கணும். ஒரு படத்துல இருக்கறதுல பாதி அடுத்த படத்துலயும் இருக்கணும். ஆள விடுங்க."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தண்ணீர் பைப்பை அறுத்து மூன்று கால் வைத்து ஸ்டாண்டு செய்தேன். அதன் தலையில் பம்புசெட் மோட்டாரின் பேரிங் ஒன்றைப் பொருத்தி, சுற்றிலும் அரத்தால் ராவி, சின்னச் சின்னப் பள்ளமாகக் காடி போட்டேன். ஒரு காடிக்கு ஒரு படம். திருப்பினால் 'டக்' என்று நிற்கும். பாதிக்குப் பாதி. மயிரிழை கூடாது, குறையாது. பாய் வாயால் சொன்னதை நான் இரும்பில் செய்துவிட்டேன். எடைதான் சற்று அதிகம். பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார்.

முதல் முயற்சியில் ஒரு சின்னக் கோளாறு வந்தது. நான் காடி காடியாகத் திருப்பிக்கொண்டிருக்கும்போது ஆற்றில் ஒரு பரிசலும் அதே பக்கமாகப் போயிருக்கிறது. ஒட்டிப் பார்த்தால் எல்லாத் துண்டிலும் அதே பரிசல், அதே ஆள், அதே துடுப்பு. படத்தைக் கொண்டுபோய் அந்தப் பரிசல்காரரிடமே காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கிட்ட ஒரு பரிசல்தானுங்களே இருக்குது" என்றார். அசைகிற எதையும் இனிமேல் எடுக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த முடிவில் நின்றிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒகேனக்கல். பரிசல் இல்லாத பக்கமாக நின்று, பாறையும் மலையுமாக ரோல் கிட்டத்தட்டத் தீருகிற அளவுக்கு எடுத்தேன். திருப்தியோடு பஸ் ஏற வந்தால், தெரிந்த கண்டக்டர் என்னைப் பார்த்து விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அண்ணா, நீங்க இன்னும் ஏரியூர் போவலீங்களா?"

"எதுக்கு?"

"உங்க மாமனாரு தவறிட்டாராம். அக்கா காலையில அழுதுக்கிட்டே பஸ் ஏறுனாங்களே."

வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்ற நேரமில்லை. பென்னாகரத்தில் இறங்கி அப்படியே ஏரியூர் பஸ்ஸில் ஏறினேன். கழுத்தில் கேமரா, தோளில் மூன்று கால் இரும்பு. மூத்த மருமகன் கோடித்துணியோடு வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்த பந்தலுக்குள் இந்தக் கோலத்தில் போய் நின்றேன். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நொடி நிறுத்திப் பார்த்தார்கள். பறையடித்தவர்கள்கூட அடியைக் குறைத்தார்கள்.

என் மனைவி சரோஜா எழுந்து வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. "எங்கப்பன் செத்துக் கெடக்கறாரு. நீங்க எந்த மலையப் பாத்துட்டு வர்றீங்க?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேசாத மனுசன். சிரிக்காத மனுசன். ஏரியூர்ப் பக்கம் தோட்டம், ராகி, கடலை, இரண்டு மாடு, இதற்கு வெளியே அவருக்கு உலகம் இல்லை. அவருக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. சாமி குத்தம், ஆயுசு குறையும் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. "என் மூஞ்சி எனக்குத் தெரியும்" என்பார், அவ்வளவுதான். எங்கள் கல்யாணத்தில் போட்டோக்காரர் குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டபோது மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். பந்தி முடிந்துதான் வந்தார். அதனால் அந்த வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

மாமியார் என் பக்கமாக நகர்ந்து வந்து உட்கார்ந்தார். அழுது தொண்டை கட்டியிருந்தது.

"மாப்ள, அவுரு மொகம் மட்டும் ஒண்ணு எடுத்துக் குடுத்துருங்க. வூட்டுல மாட்டணும். ஒண்ணுகூட இல்ல பாருங்க. இப்பவே கண்ண மூடுனா எனக்கு அவுரு முதுகுதான் தெரியுது. எப்பப் பாத்தாலும் ஏர் ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பித்தான நின்னாரு."

அவர் கேட்டது அது ஒன்றுதான். முகம்.

என் மைத்துனன் முனிராஜ் அப்போது சொன்னான், "பென்னாகரத்து ஸ்டூடியோக்காரருக்கு ஆள் அனுப்பலாம்னு இருக்கேன் மாமா. நீங்க எதுக்கு சிரமப்பட்டுக்கிட்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எதுக்கு அந்தாளு? பளிச்சுனு ஃபிளாஷ் அடிச்சு எல்லார் மூஞ்சியையும் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆக்கறதுக்கா? நான் இருக்கேன். யாரையும் கூப்புட வேணாம்."

முனிராஜ் சரோஜாவைப் பார்த்தான். சரோஜா என்னைப் பார்த்தாள். நான் ஸ்டாண்டின் கால்களை விரித்தேன்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுப் படம் எப்படி எடுப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சுற்றிலும் குடும்பம் நிற்கும். தலை சாயாமல் இருக்க நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் குந்திக்கொண்டு, துண்டைப் போட்டுத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலை மகனுக்கு. முனிராஜ் பின்னால் போய்க் குந்தினான். அவன் மறைந்தே போனான்.

நான் முகத்தை மட்டும் எடுக்கலாம் என்றுதான் முதலில் கிட்டப் போனேன். சத்தியமாக. அதற்குள் ஒரு குரல் வந்தது.

"என்னங்க மாப்ள, நாங்கல்லாம் வேண்டாமா?"

சின்ன மாமனார் மாதப்பன். மாமனாருடைய தம்பி. அண்ணன் தம்பி இருவரும் ஒரு கிணற்றுப் பங்கு தகராறில் பல வருசமாகப் பேச்சில்லை. வரப்பில் எதிரே வந்தால் ஒருவர் கடலைக் காட்டுக்குள் இறங்கிவிடுவார். இப்போது எல்லாரையும் விடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தது அவர்தான்.

"எங்கண்ணன்கூட நான் நிக்கற மாதிரி ஒண்ணு வேணும்" என்றார். உடனே இன்னும் பலருக்கு அது வேண்டியதாகிவிட்டது. அத்தைமார், பெரியப்பன் வீட்டார், பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் என்று பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நின்றார்கள். நான் கேமராவில் பார்த்தேன். பாதிப் பேர்கூட அடங்கவில்லை. பின்னால் போகலாம் என்றால் முதுகில் ராகித்தாள் போர் இடித்தது.

அகல லென்ஸ் இருந்தால் வேலை முடிந்திருக்கும். இல்லை. வேறு ஒருவனாக இருந்தால் ஆட்களைக் குறைத்திருப்பான். எனக்குத்தான் பேரிங் இருக்கிறதே.

"எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க" என்று கத்தினேன். "மூணு தடவை எடுப்பேன். இந்தப் பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அப்புறம் ஒட்டிருவேன். ஒரே நீளப் படம். யாரும் அசையக் கூடாது."

"ஒட்டறதா?" என்றார் ஒரு பெரியவர்.

"ஒட்டறதுதான்."

"அவரையுமா?"

"அவரு நடுப் படத்துல முழுசா வந்துருவாரு. நீங்க அசையாம நில்லுங்க."

சாவு வீட்டில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் கத்தினால்தான் நிற்கிறார்கள். மாமியார் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்தபடி, கேமராவைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் முதல் படம். டக். திரும்பி நடுவுக்கு வந்தேன். "ஆச்சு" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிட்டது. இடது பக்கம் நின்ற கூட்டத்துக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. தங்கள் படம் முடிந்தது, இனி அடுத்த படத்திலும் போய் நிற்கலாம் என்று அப்படியே நாற்காலிக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். முன்னால் வந்தவர் சின்ன மாமனார். என் கண் மாமனாரின் முகத்திலேயே இருந்தது, இதைக் கவனிக்கவில்லை.

இங்கே அந்தக் கேமராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் லென்ஸ் வழியாகவே பார்க்கலாம், நல்ல வசதி. ஆனால் பட்டனை அமுக்குகிற அந்த ஒரு நொடி மட்டும் உள்ளே இருக்கிற கண்ணாடி தூக்கிக்கொள்ளும். கண்ணுக்கு இருட்டு. எது படத்தில் விழுகிறதோ அதை மட்டும் எடுக்கிறவன் பார்க்க முடியாது. எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ.

அந்த ஒரு நொடியில்தான் மாமனாரின் முகத்தில் ஈ உட்கார்ந்தது. சின்ன மாமனார் குனிந்து தோளில் இருந்த துண்டை எடுத்து விசிறினார். வேறு யாருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அது தெரியாது. கண்ணாடி இறங்கினபோது துண்டு அவர் தோளுக்குப் போய்விட்டது. நான் வலது பக்கம் திருப்பி மூன்றாவதையும் எடுத்தேன். கூட்டமும் என்கூடவே வலது பக்கம் வந்தது.

"இப்ப மொகம் தனியா ஒண்ணு" என்று லீவரை இழுத்தேன். வரவில்லை. ரோல் தீர்ந்துவிட்டது. காலையில் ஒகேனக்கல் பாறைக்குக் கொடுத்துவிட்டேன். பஸ் பிடித்துப் போய் வேறு ரோல் வாங்கி வருகிறவரைக்கும் யாரும் காத்திருக்க முடியாது. பாடை தயாராகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

"மொகம் வந்துருச்சுங்களா மாப்ள?" என்று மாமியார் கேட்டார்.

"நடுப் படத்துல முழுசா இருக்குது அத்தை. பெருசு பண்ணிக்கலாம்."

அப்போது நான் அதை நம்பினேன். அதனால்தான் அவ்வளவு தெளிவாகச் சொன்னேன்.

மறுநாள் தர்மபுரியில் கபூர் பாய் இருட்டறைக்குள் போனார். அப்புறம் உள்ளேயிருந்து கேட்டார், "நடு நெகட்டிவ்ல நாற்காலியில துண்டு ஒண்ணு உக்காந்திருக்கே, அது யாருங்க?"

ஈரப் படங்களைக் கிளிப்பில் மாட்டினார். நடுப் படத்தில் மாலை இருந்தது, வேட்டி இருந்தது, கழுத்துக்கு மேலே சின்ன மாமனாரின் துண்டு விரிந்து கிடந்தது. முகம் என்று ஒன்று இல்லை.

"மத்த ரெண்டுலயும் பாருங்க பாய்."

பார்த்தார். என் பேரிங் ஒரு தப்பும் செய்யவில்லை. பாதிக்குப் பாதி என்று காடி போட்டவன் நான். முதல் படம் முடிகிற ஓரமும் மூன்றாவது படம் தொடங்குகிற ஓரமும் சரியாக நடுவில் வந்து முட்டும். நடுவில் என் மாமனாரின் மூக்கு. முதல் படத்தின் ஓரத்தில் ஒரு பாதி முகம், மூன்றாவதன் ஓரத்தில் மறுபாதி. கை நடுங்கி எடுத்திருந்தால்கூட ஏதோ ஒன்றில் முகம் முழுசாக விழுந்திருக்கும். நான் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.

"ஒரு கண்ணு இங்க இருக்குது, ஒரு கண்ணு அங்க இருக்குது" என்றார் பாய். "மூக்கு எந்தக் கணக்குல சேரும்?"

"ஒட்டுங்க பாய்."

"ஒட்டறேன். ஆனா இதுல வெயில் இருக்குது, அதுல மேகம் வந்துருக்குது. ஒரு கன்னம் செவப்பா, ஒரு கன்னம் கருப்பாத்தான் வரும்."

"என்ன செய்வீங்களோ தெரியாது. எங்க மாமியாருக்கு மொகம் வேணும்."

பாய் அதற்கப்புறம் கிண்டல் செய்யவில்லை. மூன்று நான்கு தடவை வேறு வேறு விதமாகப் பிரிண்டு போட்டு, நிறத்தை ஒன்றுக்கொன்று கிட்டக் கொண்டுவந்து, பிளேடால் வெட்டி, ஒட்டி, மறுபடி அதைப் படம் எடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்தார். அவரால் முடிந்ததை எல்லாம் செய்தார். ஆனால் மூன்றாவது படம் எடுக்கும்போது, முனிராஜ் கை வலித்துத் துண்டை மாற்றிப் பிடித்திருக்கிறான். தலை இம்மி சாய்ந்திருக்கிறது. இரண்டு பாதியும் சேர்ந்தபோது வாய் ஒரு பக்கம் மேலே ஏறிக்கொண்டது.

என் மாமனார் சிரித்தார்.

காரியத்தன்றைக்கு அதைக் கொண்டுபோனேன். எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். முதலில் அவரவர் தங்களைத் தேடினார்கள், எங்கேயும் நடக்கிறதுதான். சின்ன மாமனார் தேடத் தேவையில்லை. இடது கோடியில் அழுதுகொண்டு நின்றார், வலது கோடியிலும் அழுதுகொண்டு நின்றார். பாய் விட மனசில்லாமல் கீழே தனியாகச் சேர்த்திருந்த நடுப்படத்தில் துண்டோடு குனிந்திருந்தார்.

ஒரு பங்காளி அமைதியாகச் சொன்னார், "உசுரோட இருந்தப்ப ஒரு நாளு அண்ணன் பக்கத்துல நிக்கல. இப்ப பாரு, எல்லாப் பக்கமும் இவன்தான் நிக்கறான்."

சின்ன மாமனாருக்கு அது உறைக்கவில்லையோ, உறைத்தும் காட்டிக்கொள்ளவில்லையோ. "நல்லாத்தான் வந்துருக்குது" என்றார். அப்புறம் அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

முனிராஜ் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான், "நான் எங்க மாமா?"

நாற்காலியின் பின்னாலிருந்து துண்டைப் பிடித்தபடி நான்கு விரல் தெரிந்தது. அதைக் காட்டினேன். அப்பனைத் தாங்கின ஒரே மகன், படத்தில் நான்கு விரல். பென்னாகரத்து ஸ்டூடியோக்காரர் வந்திருந்தால் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். யாரும் சொல்லவில்லை.

படம் கடைசியாக மாமியார் கைக்குப் போனது. மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை முந்தானையால் துடைத்தார்.

"இது யாரு?" என்றார்.

"அம்மா" என்றாள் சரோஜா.

"அவுரு சிரிக்க மாட்டாரே."

நான் விளக்க ஆரம்பித்தேன். காடி, பாதிக்குப் பாதி, மேகம், கண்ணாடி தூக்கிக்கொள்வது எல்லாம். அவர் கேட்கவில்லை. உள்ளங்கையால் முகத்தின் ஒரு பாதியை மூடினார். பார்த்தார். கையை எடுத்து மறுபாதியை மூடினார். அதையும் பார்த்தார். இப்படியே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் அவுருதான்" என்றார் கடைசியில், வெயில் பட்ட பாதியைத் தொட்டு. "அந்தப் பக்கம் யாருன்னு தெரியல. போவட்டும். இந்தப் பக்கம் போதும்."

படத்தை மாட்டினார்கள். அமாவாசைக்கு அமாவாசை மாமியார் சாமி படங்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். நெற்றி நடுவில் வைக்க மாட்டார். ஒட்டுக்கு இந்தப் பக்கம், தனக்குத் தெரிந்த பாதியின் நெற்றியில் மட்டும் வைப்பார். தெரியாதவர்கள் யாராவது பொட்டு கோணலாக இருக்கிறதே என்று சரி செய்யப் போனால், "அந்தப் பக்கம் வெக்காத, அது மாப்ள எடுத்தது" என்பார். இரண்டு பக்கமும் நான்தான் எடுத்தேன். சொல்லவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். வருசம் திரும்புவதற்குள் ஒருநாள் காலையில் மாமியார் கடைக்கு முன்னால் வந்து நின்றார். மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, காதுக்கு இருக்கிற நகை எல்லாம் போட்டுக்கொண்டு. ஏதோ விசேஷம் போல என்று நினைத்து எழுந்தேன்.

"மாப்ள, தருமபுரி பாய் கடைக்குப் போவணும். ஒரு படம் எடுத்துக்கணும்."

"இப்ப எதுக்கு அத்தை?"

"அப்புறம் வேணுமில்ல. நான் போனப்புறம் மாட்டறதுக்கு."

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். கேமராவை எடுத்தேன். "அதுக்கு எதுக்குத் தருமபுரிக்கு? வெளிய நல்ல வெளிச்சம் இருக்குது. இப்படி உக்காருங்க, நானே எடுக்கறேன். புது ரோல் போட்டிருக்கேன். மொகம் மட்டும்தான், ஒரே படம்."

அவர் கேமராவைப் பார்த்தார். மூலையில் நின்ற மூன்று கால் இரும்பைப் பார்த்தார். என் மனசு நோகக் கூடாது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"வேணாங்க மாப்ள" என்றார். "தப்பா நெனைக்காதீங்க. உங்கள நம்பிச் சாவ முடியாது."

கோபத்தில் சொல்லவில்லை. ஒரு மோட்டாரைப் பார்த்து, இது இனி ஓடாது என்று நான் சொல்வது போலச் சொன்னார். காயில் பிரித்துக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் (பொறுமை இல்லாமல் தானே உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்) தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

பாய் ஸ்டூடியோவில் மாமியார் பல்புக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார், "முழுசா வருமுங்களா?"

"முழுசா வரும்மா" என்றார் பாய். "துண்டு போடறதெல்லாம் உங்க மாப்பிள்ளை டிபார்ட்மெண்ட்."

அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மாமனார் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். உயிரோடு இருக்கிறவர் படத்தை அப்படி மாட்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்கள். கேட்கவில்லை. அவரு தனியா இருக்காரு, பாதி ஆளா வேற இருக்காரு என்றார். தூரத்து உறவு ஒருத்தி வந்தவள் படத்தைப் பார்த்துவிட்டு, நமக்குச் சொல்லக்கூட இல்லையே என்று வாசலிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். மாமியார் உள்ளேயிருந்து வந்து, அவள் ஒரு சுற்று முடிக்கிறவரை நின்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தார்.

அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தார். போகும்போது படத்துக்காக யாரும் அலையவில்லை. நான் கேமரா எடுத்துப் போகவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் போய்க் குந்தி யாரும் தலையைப் பிடிக்கவில்லை. முனிராஜ் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி அவர் பக்கத்திலேயே நின்றான்.

அன்றைக்குக் கடையில் அவர் சொன்ன 'நம்பிச் சாவ முடியாது' மட்டும் தங்கிவிட்டது. நான் ஏணியில் ஏறினால், மோட்டாரில் கை வைத்தால், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னால், டாக்டரிடம் சீட்டு வாங்கி வைக்கிறேன் என்று சொன்னால், வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். மருமகள்கூடச் சொல்கிறாள், வந்து ரெண்டு வருசம்கூட ஆகவில்லை. போன மாதம் சரோஜாவுக்கு நெஞ்சில் ஏதோ பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றேன்.

வாயில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மூடியை ஒரு கையால் விலக்கிவிட்டு அதையே சொன்னாள். வெறும் வாய்வு என்று அனுப்பிவிட்டார்கள்.